காற்றின் போக்கில் விட்ட படகில் தூண்டில் எத்தனை அடியில் நிற்கிறது?

மே 22, 2023. கேள்வி

ஒன்ராறியோவின் குவின்ரி விரிகுடாவில் படகைக் காற்றின் போக்கில் விட்டு பிக்கரல் (வால்ஐ மீன்) பிடிக்கிறோம். 26 அடித் தண்ணீர். மீன்கள் 22 அடியில் நிற்பதாக ஃபிஷ் ஃபைண்டர் காட்டுகிறது. ஒரே படகு, ஒரே ஈயம், ஒரே மண்புழு. என் மச்சானுக்கு விடாமல் கொத்துகிறது, எனக்கு ஒன்றுமில்லை. என் தூண்டில் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது, அண்ணை? ஈயத்தைக் கூட்டினால் போதுமா?

மே 22, இரவு

போதாது, தம்பி. ஈயத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் படகின் வேகம், அடுத்து தங்கூசி (தூண்டில் நரம்பு) தண்ணீருக்குள் இறங்குகிற சாய்வு. இரண்டையும் பார்க்காமல் ஈயத்தைக் கூட்டினால் தரையில் சிப்பியைத்தான் இழுத்துக்கொண்டு போவீர்கள்.

படகு நிற்கும்போது 30 அடி விட்டால் தூண்டில் 30 அடியில் இருக்கும். படகு நகர்ந்தால் தண்ணீர் தங்கூசியைப் பின்னால் தள்ளும், தூண்டில் மேலே வரும். 45 பாகை சாய்வென்றால் விட்ட நீளத்தை 0.7 ஆல் பெருக்குங்கள். 30 அடிக்கு 21 அடி. உங்கள் மீனுக்கு அது போதும்.

ஈயத்துக்கு இங்கே எல்லோரும் சொல்கிற கணக்கு 10 அடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ். 26 அடிக்கு இரண்டரை. நான் இரண்டில் தொடங்குவேன்.

உங்கள் மச்சான் படகின் எந்தப் பக்கம் இருக்கிறார்? காற்று வருகிற பக்கமா, போகிற பக்கமா?

மே 23

பக்கத்தை ஏன் கேட்டேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். படகு காற்றோடு போகிறது, தூண்டில் பின்தங்குகிறது. ஆகவே காற்று வருகிற பக்கத்தில் இருப்பவரின் தங்கூசி படகிலிருந்து விலகித் தெளிவாக நிற்கும். மற்றப் பக்கத்தில் இருப்பவரின் தங்கூசி படகின் அடியால் போய்ப் படகிலேயே உரசும். அவருக்குச் சாய்வும் தெரியாது, கொத்துவதும் தெரியாது. நான் முதல் இரண்டு வருடங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தேன். படகுக்காரர் மூத்தவர், நல்ல பக்கம் அவருடையது. அதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மே 25

தம்பி பதில் எழுதியிருக்கிறார். பக்கம் காரணமில்லையாம். இருவரும் ஒரே பக்கம், நான்கு அடி இடைவெளி. என் ஊகம் பிழை.

ஆனால் அவர் எழுதியதில் வேறொன்று இருக்கிறது. மச்சான் பாவிப்பது 10 பவுண்ட் பிரெய்ட் (மெல்லிய இழைகளைப் பின்னிய தங்கூசி), இவர் பாவிப்பது 14 பவுண்ட் நைலோன் தங்கூசி. முடிச்சு அங்கேதான். தண்ணீர் தள்ளுகிற விசை தங்கூசியின் தடிப்போடு கூடும். 10 பவுண்ட் பிரெய்ட் அதே பலமுள்ள நைலோனில் ஏறக்குறைய பாதித் தடிப்புத்தான். 14 பவுண்டோடு ஒப்பிட்டால் இன்னும் மெல்லியது. ஒரே ஈயம், ஒரே நீளம் என்றாலும் மச்சானின் தூண்டில் கீழே நிற்க, இவருடையது பல அடி மேலே மிதந்துகொண்டிருக்கும். இருவரும் ஒரே ஆழத்தில் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வேறு ஆழங்களில் பிடித்திருக்கிறார்கள்.

ஒருவர், பிரெய்ட் மிதக்குமே, எப்படி ஆழமாகப் போகும் என்கிறார். மிதக்கும், உண்மை. அதன் அடர்த்தி 0.97, தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. நைலோன் 1.14, ஃபுளோரோகார்பன் என்கிற இன்னொரு வகைத் தங்கூசி 1.78. ஆனால் கீழே இரண்டு அவுன்ஸ் ஈயம் தொங்கும்போது இந்த வித்தியாசம் கணக்கில் வராது. தடிப்புத்தான் வரும். ஈயமில்லாமல் வெறும் புழுவை இறக்குகிறவருக்கு அடர்த்தி முக்கியம், அது வேறு கதை.

மே 28

வேகம் பற்றி. தண்ணீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. மணிக்கு 1 கிலோமீற்றரில் போன படகு 2 கிலோமீற்றருக்கு ஏறினால் விசை நான்கு மடங்கு. அதை ஈயத்தால் ஈடுகட்டுவதென்றால் ஈயமும் நான்கு மடங்கு வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. ஆகவே காற்று ஏறினால் படகைத்தான் பிடிக்க வேண்டும். டிரிஃப்ட் சொக் என்று விற்கிறார்கள், தண்ணீருக்குள் குடைபோல் விரிகிற துணிப்பை. காற்று வருகிற பக்கத்தில் படகின் நடுவில் கட்டினால் படகு பக்கவாட்டில் சீராகப் போகும். ஓரமாகக் கட்டினால் படகு திரும்பிக்கொள்ளும், எல்லோருடைய தங்கூசியும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும்.

ஹார்னஸில் (சுழல்தகடும் கொக்கியும் கோர்த்த தூண்டில்) கோர்த்த புழுவுக்கு மணிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் நல்ல வேகம். அதற்குக் கீழே போனால் சுழல்தகடு சோர்ந்துவிடும். வட்டமான கொலராடோ தகடு மெதுவான வேகத்திலும் சுழலும், ஆகவே காற்றின் போக்கில் விடுகிறவர்களுக்கு அதுதான் ஏற்றது. நீண்டு ஒடுங்கிய வில்லோ தகட்டுக்கு வேகம் வேண்டும். கொலராடோ தகடு தூண்டிலைச் சற்று மேலே தூக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 10

பேசிக்கொண்டே இருக்காமல் இன்று அளந்து பார்த்தேன். டெசரொன்ரோவிலிருந்து பிக்ரன் பக்கம் இறங்குகிற நீண்ட பகுதியில், தரை சமமாக 24 அடி இருக்கிற இடம். இரண்டு அவுன்ஸ் பொட்டம் பவுன்சர் (கம்பியில் பொருத்திய, தரையைத் தட்டிக்கொண்டு போகிற ஈயம்), விட்ட நீளத்தை எண்ணிக் காட்டுகிற ரீல், ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 1.6 கிலோமீற்றர். மகளின் பள்ளிக்கூடக் கோணமானியில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டுச் சாய்வு பார்த்தேன். 45 பாகை, அலையில் ஐந்து பாகை இப்படியும் அப்படியுமாக.

பவுன்சரின் கம்பி தரையைத் தட்டத் தொடங்கியபோது ரீல் 33 காட்டியது. 33 × 0.7 = 23. உண்மை ஆழம் 24. ஒரு அடிதான் வித்தியாசம். மூன்று முறை ஓடிப் பார்த்தேன், ஏறக்குறைய அதே எண். மே 22 இல் சொன்ன கணக்கு சரி என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மீனும் கிடைத்தது, இரண்டு. இரண்டும் மாலை ஆறு மணிக்குப் பிறகு.

ஜூன் 11

சாப்பாட்டுப் பக்கமாக ஒரு கேள்வி வந்தது. வால்ஐ என்பதும் நம்முடைய வாளையும் ஒன்றா? இல்லை. பெயரின் ஓசை மட்டும்தான் ஒற்றுமை. இது வட அமெரிக்க நன்னீர் மீன், ஒன்ராறியோக்காரர்களுக்கு பிக்கரல். கண் மங்கலான கண்ணாடிபோல் இருக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம், பூனைக்கு இருப்பதுபோல. அதனால்தான் கலங்கிய தண்ணீரிலும் அந்திக் கருக்கலிலும் மற்ற மீன்களைவிட நன்றாகப் பார்க்கிறது. என் அம்மா முதல் தடவை வாளை என்று நினைத்துச் சரக்குத்தூள் போட்டுக் குழம்பு வைத்தார். தசை மெல்லிது, சுவையும் மெல்லிது, குழம்பில் மீன் காணாமல் போய்விட்டது. இப்போது சொதிதான் வைக்கிறார், அல்லது மஞ்சளும் உப்பும் தடவிப் பொரியல்.

ஜூன் 13

நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. அவர் கிளெனோரா பாதைப்படகுத் துறைக்குக் கிழக்கே, ஆழமான பகுதியில் பிடிக்கிறவர். 45 அடித் தண்ணீர். என் கணக்கை நம்பி 60 அடி விட்டார். 0.7 ஆல் பெருக்கினால் 42 அடி, தரைக்கு மூன்று அடி மேலே. ஆனால் அவர் மூன்று ஹார்னஸ்களைத் தரையில் இழந்தார். சாய்வு 45 தான் என்கிறார். நான்கு அவுன்ஸ் ஈயம். எல்லாம் நான் சொன்னபடி.

இரவு முழுக்கத் தாளில் கீறிப் பார்த்தேன். பிழை என்னுடையது. இரண்டு பிழைகள்.

ஒன்று, தங்கூசி நேர்கோடு இல்லை. ஈயத்துக்குப் பக்கத்தில் அது ஏறக்குறைய நெட்டாக இறங்குகிறது. மேலே வர வர, ஒவ்வொரு அடி தங்கூசியும் வாங்குகிற தள்ளல் சேர்ந்துகொண்டே போவதால் சாய்வு கூடுகிறது. நாம் மேலே பார்க்கிற 45 பாகை முழு வளைவிலும் மிகச் சாய்ந்த இடம். அதை முழு நீளத்துக்கும் பொருத்தினால் ஆழத்தைக் குறைவாகக் கணக்கிடுவோம்.

இரண்டு, ரீல் காட்டுகிற நீளத்தில் தடி நுனியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை காற்றில் நிற்கிற பகுதியும் அடக்கம். நுனி மூன்று அடி உயரத்தில் இருந்தால், 45 பாகைச் சாய்வில் நாலேகால் அடி காற்றில் போய்விடும். அதை நான் கழிக்கவேயில்லை.

ஜூன் 10 அளவையே மீண்டும் போடுங்கள். 33 இல் நான்கைக் கழித்தால் 29. தரை 24. அதாவது விகிதம் 0.7 அல்ல, 0.83. ஆழமில்லாத தண்ணீரில் என் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துப்போட்டுவிட்டன, ஆகவே விடை சரிபோல் வந்தது. 60 அடிக்குப் போட்டால்: 56 × 0.83 = 46 அடிக்கு மேல். தண்ணீர் 45 அடி. ஹார்னஸ்கள் ஏன் போயின என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மே 22 குறிப்பை அழிக்கவில்லை. அதைப் படிக்கிறவர்கள் இதையும் படிக்கட்டும்.

ஜூன் 14

0.83 என்பதைக் கல்லில் வெட்டாதீர்கள். என் ஈயம், என் தங்கூசி, அன்றைய வேகம், அவ்வளவுதான். தகடு பெரிதானால் அடியிலேயே இழுவை கூடும், வளைவு குறைந்து நேர்கோட்டுக்கு நெருங்கும், விகிதம் இறங்கும். தகடே இல்லாமல் வெறும் ஈயமென்றால் 0.88 வரை போகலாம். ஒவ்வொருவரும் தங்கள் படகில் ஆழம் தெரிந்த சமதரையில் ஒரு முறை தட்டிப் பார்த்து எண்ணை எழுதிவைத்துக்கொள்வதுதான் வழி. அரை மணி நேர வேலை.

ஜூன் 18

யாழ்ப்பாணம் குருநகரில் இருக்கிற அம்மானோடு வாட்ஸப்பில் கதைத்தேன். எழுபது தாண்டியவர், இன்னும் கைத்தூண்டில் போடுகிறார். என் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ ஏன் மேலேயிருந்து அளக்கிறாய்? தரையிலேயிருந்து அள" என்றார்.

அவர் இறக்கும்போது பாகக் கணக்கில் இறக்குவார். இரண்டு கையையும் விரித்த அளவு ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. ஈயம் தரையில் பட்டதும் விரலில் தங்கூசி இளகும். உடனே அரைப் பாகமோ ஒரு பாகமோ திரும்ப எடுப்பார். எத்தனை பாகத் தண்ணீர் என்பது அவருக்கு அக்கறையில்லை. மீன் தரையிலிருந்து எத்தனை என்பதுதான்.

மேலே கேட்ட தம்பிக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 26 அடித் தண்ணீரில் 22 அடியில் மீன் என்றால் தரையிலிருந்து நான்கு அடி. தரையைத் தட்டும் வரை விடுங்கள். பிறகு ஐந்து அடி சுற்றி எடுங்கள். நான்கல்ல, ஐந்து, தங்கூசி சாய்ந்திருப்பதால். சாய்வை அளக்க வேண்டாம், நீளத்தைப் பெருக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப இறக்கித் தட்டிப் பாருங்கள், ஏனென்றால் காற்று மாறும், தரையும் மாறும்.

ஜூன் 20

ஃபிஷ் ஃபைண்டரில் தன் தூண்டிலைப் பார்க்க முடியவில்லை, கருவி பழுதா என்று ஒருவர். பழுதில்லை. கருவி கீழே அனுப்புகிற ஒலி கூம்புபோல் விரியும். 20 பாகைக் கூம்பு 24 அடி ஆழத்தில் எட்டு, எட்டரை அடி அகலத்தைத்தான் பார்க்கும். உங்கள் தூண்டில் அந்த நேரம் 20 அடி பின்னால் இருக்கிறது. திரையில் மீனைப் பார்த்ததும் தடியை ஆட்டத் தொடங்காதீர்கள். 1.6 கிலோமீற்றர் வேகத்தில் தூண்டில் அங்கே வந்து சேர இன்னும் பதினான்கு நொடி இருக்கிறது. நான் இப்போது மீன் தெரிந்ததும் மனதுக்குள் எண்ணுகிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று வரும்போது கொத்தினால் அந்தச் சந்தோஷம் வேறு.

ஜூலை 3

லெமிங்ரனுக்குப் போனோம், ஈரி ஏரி. மேற்குப் பகுதி முழுக்கச் சராசரி 24 அடிதான், ஆனால் இங்கே அம்மானின் முறை செல்லவில்லை. மீன் தரையோடு தொடர்பில்லாமல் நடுத்தண்ணீரில், 12, 14 அடியில் நின்றது. ஜூன் முழுக்க மேஃப்ளை பூச்சிகளின் புழுக்கள் தரைச் சேற்றிலிருந்து கிளம்பி மேலே வருகின்றன. பூச்சிக் கூட்டம் வானிலை ரேடாரில் தெரிகிற அளவுக்கு இருக்கும். மீன்கள் அவற்றின் பின்னால் மேலேறுகின்றன என்று படகுக்காரர் சொன்னார்.

இங்கே பழைய முறை ஒன்று உண்டு. ஈரி டீரி என்று ஒரு தூண்டில். ஈயம் முன்னால், தகடு அதன் பின்னால், கொக்கியில் புழு. படகு போகிற திசையிலேயே, முன்னால் வீச வேண்டும். விழுந்ததும் எண்ண வேண்டும். ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய ஒரு அடி இறங்கும். பன்னிரண்டு எண்ணிவிட்டு மெதுவாகச் சுற்றினால் 12 அடியில் வரும். உங்கள் எண்ணும் தூண்டிலும் ஒத்துப்போகிறதா என்று முதலில் தரை வரை விட்டு எண்ணிப் பாருங்கள். நான் அவசரக்காரன், 24 அடிக்கு எனக்கு 29 வந்தது.

படகு தூண்டிலை நோக்கிப் போவதால் தங்கூசி தளர்ந்துகொண்டே இருக்கும், அதை மட்டும் சுற்றி எடுக்க வேண்டும். படகு கடந்ததும் தூண்டில் ஒரு வளைவில் திரும்பிப் பின்னால் வரும், அப்போது மேலே எழும்பும். எட்டு மீனில் ஆறு அந்த வளைவில்தான் கொத்தியது.

ஜூலை 4

அந்த வளைவை நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டி வந்தேன். இத்தனை நாளும் தூண்டிலை ஒரே ஆழத்தில் நிறுத்தத்தான் பாடுபட்டோம். மீனோ ஆழம் மாறுகிற கணத்தில் கொத்துகிறது. அப்படியென்றால் நிறுத்துவதே பிழையா?

ஜூலை 9

பிழையில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். வால்ஐ தன் மட்டத்திலும் மேலேயும் பார்த்து இரை எடுக்கிற மீன். தூண்டில் அதற்கு இரண்டு அடி மேலே போனால் எழும்பி வரும். அரை அடி கீழே போனால் கவனிப்பதே அரிது. ஆகவே கீழிருந்து மேலே எழும்புகிற தூண்டில் அதன் கண்முன்னால் கடக்கிறது. எழும்புவது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் அது மீனைக் கடக்கும். அடிப்படை ஆழம் தெரிய வேண்டும், அதற்கு மேல் சற்று ஆட்டம் வேண்டும்.

ஆகஸ்ட் 19

மறுபடி குவின்ரி. இன்று காற்று விட்டு விட்டு அடித்தது. காற்று விழுந்தால் படகு நிற்கும், ஹார்னஸ் தரையில் படுக்கும். திரும்ப அடித்தால் எழும்பும். ஐந்து மீனில் நான்கு காற்று திரும்புகிற நேரத்தில். ஜூலை 9 இல் எழுதியதோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஹார்னஸ் படுக்கிற நேரத்தில் சிப்பி தங்கூசியை அறுக்கிறது, இரண்டு போனது. கொக்கிக்குப் பக்கத்தில் மிதக்கிற மணி ஒன்று கோர்த்தால் படுக்காது. அடுத்த முறை அதைச் செய்து பார்க்க வேண்டும்.

சிப்பியைப் பற்றி ஒரு சொல். 1990களில் இந்த வரிச்சிப்பி விரிகுடாவுக்குள் வந்து தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டது. வெயில் ஆழத்துக்கு இறங்கியது, களை வளர்ந்தது, பகலில் மீன் கீழே போனது. பழைய ஆட்கள் பத்தடியில் நண்பகலில் பிடித்த கதையைச் சொல்லும்போது அதைப் பொய் என்று நினைக்காதீர்கள். தண்ணீர்தான் மாறிவிட்டது.

ஆழமான இடத்தில் பிடிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 30 அடிக்குக் கீழேயிருந்து ஏற்றிய மீனின் காற்றுப்பை விரிந்துவிடுகிறது, திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. விடுவதற்காகப் பிடிக்கிறீர்கள் என்றால் அந்த ஆழத்துக்கு இறக்காதீர்கள். வேண்டிய அளவு கிடைத்ததும் இடத்தை மாற்றுங்கள்.

செப்டெம்பர் 24

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். நைலோனைக் கழற்றிவிட்டு மச்சானின் அதே பிரெய்ட்டைச் சுற்றினாராம், முன்னால் ஆறு அடி ஃபுளோரோகார்பன். தரையைத் தட்டி, ஐந்து அடி எடுத்து, ஒரு காலையில் மூன்று மீன். மச்சானுக்கு இரண்டு.

ஒக்டோபர் 8

அம்மானின் முறையை இப்போது என் ரீலிலும் செய்திருக்கிறேன். பிரெய்ட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு, ஐந்தாம் பாகத்துக்கு இரண்டு. இருட்டில் எண்ணைப் பார்க்க முடியாது, முடிச்சு விரலில் தட்டும். என் கை விரிவு ஐந்தே முக்கால் அடிதான், ஆகவே என் பாகம் அம்மானின் பாகத்தைவிடச் சற்றுச் சிறிது. நான் அதிலேயே எண்ணிக்கொள்கிறேன். மிதக்கும் மணியை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் குளிர்ந்துவிட்டது, அடுத்த சனி காற்று எப்படி என்று பார்க்க வேண்டும்.